பதரோடு போகும் மணிகள்

இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில், கம்பும் சோளமும் உளுந்தும் களத்திற்கு வந்து சேர்ந்த காலங்களில், காற்றின் திசை பார்த்து நின்று தானியத்தைத் தூற்றுவது வழக்கம். கனத்த மணி காலடியில் விழும். பதர் காற்றோடு விலகிப்போய் விழும். இயந்திரங்கள் வந்தபின் இக்காட்சி அருகிவிட்டது. எனினும் அந்தக் களத்து வேலையில் இருந்த ஒரு நுணுக்கத்தை நாம் மறத்தலாகாது. தூற்றி முடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒதுங்கி விழுந்த பதர்க் குவியலைப் பெண்கள் மீண்டும் சுளகில் அள்ளிப் புடைத்துப் பார்ப்பார்கள். காற்று சற்று வலுத்த நொடியில் பதரோடு பறந்துபோன மணிகள் அக்குவியலில் கிடக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். பதர் என்று ஒதுக்கப்பட்டதனாலேயே ஒன்று பதர் ஆகிவிடாது என்னும் உண்மை, எழுத்தறியாத அக்கைகளுக்குத் தெரிந்திருந்தது.

'தூற்றுதல்' என்னும் ஒரே சொல்லால் நம் மொழி இரு செயல்களைச் சுட்டுகிறது. பதரையும் மணியையும் பிரிப்பதும் தூற்றுதலே; ஒருவர்மீது பழி சொல்வதும் தூற்றுதலே. பிரித்தெடுக்கும் வேலை எவ்வளவு எளிதாகப் பழி சுமத்தும் வேலையாக மாறிவிடக்கூடும் என்பதை இச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது எனலாம். இன்று நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் இவ்வேலையைச் செய்கிறோம்; சரியாகச் சொல்வதானால், நம் பெயரில் இயந்திரம் ஒன்று செய்கிறது. அக்களத்தின் பெயர் மின்னஞ்சல் பெட்டி.

மின்னஞ்சல் பெட்டியின் ஓரத்தில் 'ஸ்பேம்' என்றொரு சிறு பெட்டி இருப்பதை நாம் அறிவோம். வேண்டாத அஞ்சல்கள் எனக் கருதப்படுபவை நம்மைக் கேளாமலேயே அங்குக் கொண்டுபோய்க் கொட்டப்படுகின்றன. இதற்கு நியாயமான காரணம் உண்டு. 1978 மே 3ஆம் நாள், அமெரிக்காவில் கேரி துர்க் என்னும் விற்பனை அலுவலர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு அவர்கள் கேளாமலே அனுப்பினார். அதுவே முதல் வேண்டா அஞ்சல் என்பர். அன்று எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவ்வழக்கம் வளர்ந்து, இன்று உலகில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழப் பாதி வேண்டாதவையே எனப் பாதுகாப்பு நிறுவனங்கள் கணக்கிடும் நிலைக்கு வந்துள்ளது. அவற்றில் வெறும் விளம்பரமும் உண்டு. முதியோரின் சேமிப்பை ஒரே பிற்பகலில் துடைத்தெடுக்கும் வஞ்சகமும் உண்டு. ஆகவே வாசலில் ஒரு காவலன் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு: காவலன் தவறாக விரட்டிவிட்ட நல்லவருக்கு யார் பொறுப்பு?

இக்காவலன் இருவகைத் தவறுகளைச் செய்யக்கூடும். கெட்டதை உள்ளே விடுவது ஒன்று. நல்லதை வெளியே தள்ளுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பவர் பலர். ஆனால் இவற்றின் இயல்பே வேறு. கெட்டது உள்ளே வந்தால் நம் கண்ணில் படுகிறது, எரிச்சலுடன் அழித்துவிடுகிறோம். நல்லது வெளியே தள்ளப்பட்டால் எவர் கண்ணிலும் படுவதில்லை. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்றே நினைக்கிறார். பெற வேண்டியவரோ வரவேயில்லை என்று நினைக்கிறார். இழைத்தவனுக்கும் தெரியாமல், இழைக்கப்பட்டவருக்கும் தெரியாமல் நடந்தேறும் அநீதி இது. உலகில் அத்தகைய அநீதிகள் மிகச் சிலவே.

இருக்கன்குடியைச் சேர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். தந்தை பட்டாசு ஆலையில் கூலி வேலை செய்பவர். மகள் செவிலியர் படிப்பு முடித்து, தொலைதூர மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு மின்னஞ்சலில் வருகிறது. அவளுடைய பெட்டி முன்பின் அறியாத அம்முகவரியை ஐயுற்று ஓரத்தில் தள்ளிவிடுகிறது. அவள் ஒவ்வொரு நாளும் தன் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறாள், வரவில்லை. குறித்த நாளில் அங்கே ஒருவர் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என எழுதுகிறார். ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தவை 30 நாள்களில் தாமாகவே அழிந்துபோகும். அதன்பின் அழைப்பு வந்ததற்கான தடயமும் அவளிடம் இராது. தனக்குத் தகுதியில்லை என்று அவள் முடிவு செய்துகொள்வாள்; பொறுப்பற்ற பெண் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இவ்விரு பொய்களும் வாழ்நாள் முழுதும் மெய்களாகவே நிலைத்திருக்கும்.

சட்டமும் அவளுக்குத் துணைநிற்கும் என்று சொல்வதற்கில்லை. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 13ஆம் பிரிவின்படி, இருதரப்பினரிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, பெறுபவர் குறித்துத் தந்த கணினி அமைப்புக்குள் ஓர் அஞ்சல் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரமாகும். அது பெட்டியின் எந்த மூலையில் விழுந்தது என்று சட்டம் கேட்பதில்லை. வாசல் தாண்டி வந்துவிட்ட கடிதம் வந்த கடிதமே. வீட்டுக்காரர் வைத்த காவலன் அதைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தால் அது வீட்டுக்காரரின் பாடு.

அக்காவலன் எவ்வாறு முடிவெடுக்கிறான் என்பதையும் சற்றே அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் தாமஸ் பேயஸ் என்னும் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர் இருந்தார். கணிதத்தில் தோய்ந்தவர். கண்ட அடையாளங்களிலிருந்து காணாத காரணத்தை எவ்வளவு உறுதியோடு ஊகிக்கலாம் என்பது பற்றி அவர் எழுதி வைத்த கட்டுரையை, அவர் 1761இல் இறந்தபின், நண்பர் ரிச்சர்டு பிரைஸ் 1763இல் வெளிவரச் செய்தார். அந்தக் கணக்கே ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து அஞ்சல்களைப் பிரிக்கும் சல்லடைகளுக்கு அடிப்படையாயிற்று. ஒரு சொல் இதுவரை வந்த வேண்டா அஞ்சல்களில் எத்தனை முறை வந்தது, நல்ல அஞ்சல்களில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, புதிய அஞ்சல் எப்பக்கம் சாய்கிறது என அது கணிக்கிறது. 2002 ஆகஸ்டில் இம்முறையைப் பரவலாக்கிய பால் கிரகாம் என்னும் அமெரிக்க நிரல் எழுத்தாளர் ஒரு சிறிய காரியம் செய்தார். நல்ல அஞ்சல்களில் வந்த சொற்களின் எண்ணிக்கையை மட்டும் இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். நல்லதொன்றை இழப்பது கெட்டதொன்றைப் பெறுவதைவிடப் பெரிய தீங்கு என்பதனால், தராசை வேண்டுமென்றே நல்லதன் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தார். குற்றவாளி தப்பினும் நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்று நம் நீதிமன்றங்களில் அடிக்கடி சொல்லப்படும் கோட்பாட்டை ஒருவர் இரண்டால் பெருக்கும் சிறு கணக்காக மாற்றியது நமக்கு வியப்பளிக்கிறது. அறநூல்கள் எல்லாம் இவ்வளவு சுருக்கமாகச் செயலுக்கு வருவதில்லை!

இன்றைய சல்லடைகள் இதைவிடப் பன்மடங்கு நுட்பமானவை. ஆயினும் அவற்றின் அடிப்படை இயல்பு மாறவில்லை. அவை அஞ்சலின் உள்ளத்தைக் காண்பதில்லை, சாயலைக் காண்கின்றன. சாயலைக் கொண்டு தீர்ப்பளிப்பதில் உள்ள இடர், இருக்கன்குடியிலிருந்து தொலைவில் இல்லாத சிவகாசியை நோக்கினால் நன்கு விளங்கும். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இணைய வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. அதன் பின்னரும் தீபாவளி நெருங்கும்போதெல்லாம் சிவகாசியின் பெயரைச் சொல்லி, பாதி விலை என்று ஆசை காட்டி, பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் போலிகள் முளைக்கின்றனர். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு இணையவழிக் குற்றப் பிரிவுக் காவல்துறை இத்தகைய மோசடிகளைப் பற்றி மக்களை எச்சரித்தது. ஆகவே 'சிவகாசி', 'தள்ளுபடி', 'இன்றே கடைசி' என்னும் சொற்கள் ஒரே அஞ்சலில் சேர்ந்து வந்தால், காவலன் புருவத்தை உயர்த்துவதில் வியப்பில்லை.

ஆனால் அதே ஊரில் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் அச்சகங்கள் உள்ளன. அவை விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும்; தள்ளுபடி சொல்ல வேண்டும்; குறித்த நாளுக்குள் விடை கேட்க வேண்டும்; மெய்ப்புப் பார்ப்பதற்குப் பெரிய படக்கோப்புகளை இணைக்க வேண்டும். நாட்காட்டியோ காலம் தாழ்ந்தால் காகிதம் மட்டுமே. சனவரி கழிந்தபின் அதை யார் வாங்குவார்? நேர்மையான சிறு அச்சகத்தின் அஞ்சலும் வஞ்சகனின் அஞ்சலும் வெளிப்பார்வைக்கு உடன்பிறந்தவை போல் இருக்கின்றன. இதில் குற்றம் நேர்மையாளருடையது அன்று. திருடன்தான் அவருடைய சட்டையை அணிந்துகொண்டிருக்கிறான். நல்லவர் போலத் தோன்றுவதே வஞ்சகனின் தொழிலாதலால், அவனைப் பிடிக்க விரிக்கும் வலையில் முதலில் சிக்குபவர் அவன் யாரைப் போல நடித்தானோ அவரே.

சாயலோடு நில்லாமல் அண்டையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒவ்வோர் அஞ்சலும் ஏதேனும் ஒரு கணினி முகவரியிலிருந்து புறப்படுகிறது. மலிவான சேவையை வாங்கும் சிறு நிறுவனங்கள் பல, ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ஒன்று தகாத அஞ்சல்களை அனுப்பினால் அம்முகவரியே கரும்பட்டியலில் ஏறிவிடுகிறது. 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இப்பட்டியல்களைப் பேணுகின்றன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும், தனி இணைப்பு வாங்க வசதியுள்ளவர் தம் நடத்தைக்கு மட்டும் விடை சொல்ல, வசதியற்றவர் அயலாரின் நடத்தைக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அயலாரைக் கொண்டும் பிறப்பைக் கொண்டும் மனிதரையே பட்டியலிட்ட வரலாறு நம் மண்ணுக்கு உண்டு. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு குற்றமும் செய்யாதவர் ஒரு சமூகத்தில் பிறந்த காரணத்தினாலேயே பெயர் பதிந்து, கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்திற்குத் தம்மைக் காட்ட வேண்டியவரானார். அதை எதிர்த்து மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் முடிவுக்கு வந்தது. தொலைந்துபோன ஒரு மின்னஞ்சலை அந்த இரத்தத்தோடு ஒப்பிடுவது மிகை என்பதை நாம் அறிவோம். துன்பத்தின் அளவில் இரண்டுக்கும் உறவேயில்லை. ஆயினும் எண்ணத்தின் வடிவம் ஒன்றுதான். 'பெரும்பாலும் இத்தகையோர் இப்படித்தான். ஒவ்வொருவராக ஆராய நமக்கு நேரமில்லை' என்பதே அவ்வடிவம். நேரமின்மையைக் காரணம் காட்டி நாம் ஒருவருக்குச் செய்யும் அநீதி, காரணம் உண்மையாக இருப்பதனால் மட்டும் நீதியாகிவிடாது.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் வயலின் களைகள் உவமை இங்கு நம் நினைவுக்கு வராமல் போகாது. கோதுமையினூடே களை முளைத்திருப்பதைக் கண்ட பணியாளர்கள் உடனே பறித்துவிடத் துடிக்கின்றனர். அவர்களுடைய ஆர்வம் தூய்மையானது. அவர்கள் காண்பதும் பொய்யன்று. வீட்டுத் தலைவர் களையைக் களையல்ல என்று சொல்லவில்லை. களையைப் பிடுங்கும் கையில் கோதுமையும் சேர்ந்து வந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார். களையைப் பொறுத்துக்கொள்ளும் செலவை அவர் ஏற்கிறார். கோதுமையை இழக்கும் செலவை ஏற்க மறுக்கிறார். மேலே நாம் கண்ட அந்தத் தராசும் அவ்வாறே சாய்ந்திருந்தது. உவமையில் அறுவடை வரை காத்திருக்கலாம். மின்னஞ்சல் பெட்டியில் அவ்வளவு காத்திருக்க இயலாது. வஞ்சக அஞ்சல் ஒன்றை முதியவர் ஒருவர் திறந்துவிட்டால் அறுவடைக்கு எதுவும் மிஞ்சாது. எனவே ஒதுக்கி வைப்பது தேவைதான். ஒதுக்கி வைத்ததை ஒருவரும் திரும்பிப் பாராமல் விடுவதே நம் கேள்விக்கு உரியது.

அனுப்புகிறவரின் கடமையை முதலில் சொல்லிவிடுவோம். முற்காலத்தில் கடிதத்தின் மெய்ம்மைக்கு முத்திரையும் கையெழுத்தும் சான்று பகர்ந்தன. புனித அருளானந்தர் 1693 பிப்ரவரியில், தலை வெட்டுண்பதற்கு முன்னாள், ஓரியூர்ச் சிறையிலிருந்து கரியை மையாகக் கொண்டு எழுதிய கடிதத்தை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வெளித்தோற்றத்தைக் கொண்டு மதிப்பிட்டிருந்தால் அது குப்பைக்கு உரியதே. எழுதியவரின் கையையும் மொழியையும் அறிந்தவர் மறுமுனையில் இருந்தமையால் அது பெறப்பட்டது, போற்றப்பட்டது. இன்றைய அஞ்சலில் கையெழுத்து இல்லை. 'அனுப்புநர்' என்ற இடத்தில் எவரும் எவர் பெயரையும் எழுதிவிடலாம். அக்குறையை நீக்கவே மூன்று ஏற்பாடுகள் வந்தன. எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை என அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; அஞ்சல் வழியில் திருத்தப்படவில்லை என மறைகுறி முத்திரையிடுவது டி.கே.ஐ.எம்.; இச்சோதனைகளில் தவறியவற்றை என்ன செய்வது எனப் பெறுவோருக்கு உரைப்பது டிமார்க். நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் வற்புறுத்துகிறது. சிறிய அளவில் அனுப்புவோரும் தம் பெயரில் இணைய முகவரி வைத்திருந்தால் இவற்றை அமைத்துக்கொள்வது நலம். முகவரியை விற்ற நிறுவனத்தினரிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

நம் பங்குகளிலும் சங்கங்களிலும் நடப்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திருவிழா அழைப்பைத் தனியொருவரின் முகவரியிலிருந்து முந்நூறு பேருக்கு ஒரே மூச்சில் அனுப்புகிறோம். அவர்களுள் பலர் நம்மிடம் முகவரி தந்தது வேறொரு காரியத்திற்காக. தமிழ் எழுத்துரு சிதைந்துவிடும் என்ற பழைய அச்சத்தால் அழைப்பு முழுவதையும் ஒரே படமாக்கி, உடன் ஒரு வரியும் எழுதாமல் விடுக்கிறோம். கணினிக்குக் கணினி எழுத்துரு மாறுபட்ட நாள்களில் அதற்குத் தேவை இருந்தது. ஒருங்குறி வந்தபின் அந்த அச்சம் வேண்டியதில்லை. சொல்லே இல்லாத படத்தைச் சல்லடை ஐயுறுகிறது. ஏனெனில் சொற்களை மறைக்க விரும்புவோர் அவ்வழியைத்தான் நாடினர். தலைப்பில் ஆறு வியப்புக்குறி இடுவதும் அத்தகையதே. நாலு வரி தெளிந்த தமிழ், அனுப்புபவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வேண்டாதவர் விலகிக்கொள்ள ஒரு வழி ஆகியன போதும். இவை மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

இனி, பெறுகிறவரின் கடமை. இதுவே நமக்குக் கடினமாகத் தோன்றுகிறது. செயலில் மிகச் சிறிது என்பதனால்தான் போலும்! வாரம் ஒருமுறையேனும் ஓரப் பெட்டியைத் திறந்து, அனுப்புநர் பெயர்களையும் தலைப்புகளையும் மட்டும் கண்ணோட்டமாகப் பார்த்தல் வேண்டும். இணைப்புகளைத் திறவாமல், சுட்டிகளைத் தொடாமல் பார்த்தால் ஆபத்து இல்லை. நல்லது ஏதேனும் அங்குக் கிடந்தால் 'ஸ்பேம் அல்ல' என்னும் பொத்தானை அழுத்தி மீட்டெடுத்து, அம்முகவரியை நம் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடலாம். விண்ணப்பம் அனுப்பும்போதே, விடை வரக்கூடிய முகவரியைக் கேட்டறிந்து முன்கூட்டிச் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது. மேற்சொன்ன மாணவிக்கு இதை யாரேனும் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

இதைவிட முக்கியமானது, நாம் செய்யாமல் விட வேண்டிய ஒன்று. நாமே விரும்பிப் பதிவு செய்துகொண்ட ஓர் இதழோ, நாம் உறுப்பினராக உள்ள ஓர் அறக்கட்டளையின் அறிக்கையோ வந்துகொண்டிருக்கிறது. சலிப்பு ஏற்பட்டுவிட்டது. விலகல் வழியைத் தேடும் பொறுமையின்றி 'ஸ்பேம்' என்னும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். அழித்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நாம் சாட்சி சொல்லியிருக்கிறோம். 'இவர் கேளாமல் வந்து தொல்லை தருபவர்' என்ற நம் சொல், அவ்வனுப்புநரைப் பற்றிய பதிவில் ஏறிவிடுகிறது. மொத்தமாக அனுப்புவோர்மீது வரும் இத்தகைய முறையீடுகள் ஆயிரத்திற்கு மூன்று என்னும் அளவை எட்டலாகாது என்பது ஜிமெயிலின் விதி. ஆயிரம் பேரில் மூவரின் சோம்பல், மற்றவர்களுக்குப் போக வேண்டிய அஞ்சலைத் தடுமாறச் செய்யப் போதுமானது. எட்டாம் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டோடும் ஊர் வம்போடும் மட்டும் தொடர்புபடுத்திக் கற்றிருக்கிறோம். கட்டைவிரலால் சொல்லப்படும் பொய்ச்சான்றும் பொய்ச்சான்றே அன்றோ?

விடை வராதபோது நம் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதும் எண்ணத்தக்கது. 'பார்த்திருப்பார், பதில் போட மனமில்லை' என்பதே நம் முதல் ஊகம். உறவுகள் கசந்ததற்கும் நட்புகள் நின்றுபோனதற்கும் பின்னே எங்கேனும் திறக்கப்படாத ஒரு கடிதம் இருந்திருக்கலாம். அஞ்சல் துறை, சேர்ப்பிக்க முடியாத கடிதங்களுக்கென ஒரு தனி அலுவலகத்தையே வைத்திருந்தது. உரியவரும் கிடையாமல், உறையின்மேல் அனுப்பியவரின் முகவரியும் இல்லாத கடிதங்களை அங்கே பிரித்துப் பார்த்து, உள்ளே முகவரி கிடைத்தால் திருப்பி அனுப்பினார்கள். கடிதம் சேரவில்லை என்னும் செய்தியாவது எழுதியவருக்குக் கிடைத்தது. ஓரப் பெட்டியோ அந்தச் செய்தியைக்கூடத் தருவதில்லை. எனவே முக்கியமான ஒன்றை அனுப்பியவர், மறுநாள் தொலைபேசியில் 'கடிதம் வந்ததா?' என்று கேட்பதைத் தொல்லை என எண்ண வேண்டியதில்லை.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல் உண்டு. பெறுபவர் ஓர் அஞ்சலுக்கு விடை எழுதினால், அவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் எனக் காவலன் எடுத்துக்கொள்கிறான். அடுத்த அஞ்சலுக்கு வாசல் எளிதில் திறக்கிறது. ஆனால் கல்லூரிகளும் வங்கிகளும் மருத்துவமனைகளும் பல வேளைகளில் 'இம்முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற குறிப்போடுதான் நமக்கு எழுதுகின்றன. விடை வேண்டாம் என்று சொல்லி எழுதும் கடிதத்தை, அறிமுகமற்ற ஒருவரின் கடிதம் என இயந்திரம் கருதினால் அதைக் குறை சொல்வது எப்படி? பதில் வந்தால் படிக்க ஓர் ஆளை அமர்த்துவது செலவுதான். நேர்முகத் தேர்வுக்கு வராதவர்களின் பெயர்களுக்கு நேரே குறியிடுவதற்கும் அங்கே ஓர் ஆள் அமர்ந்திருக்கிறாரே. பட்டியலை மூடுமுன் அவரே ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம்.